ஏற்றத்தில் ஐம்பத்தெட்டு கிலோ

வண்டி மலையேற இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. கணக்கோ காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்தது.

பட்டறையின் மாடி அறையில் அவள் எழுந்தாள், ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால் ஆட ஆரம்பித்தது. கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் மடிக்கணினியில் ஐந்து கோடுகளும் சேர்ந்து ஆடும். ஐந்து கோடுகள் என்றால் மலையில் ஐந்து சோதனை ஏற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் செலவான மின்சாரம். முதல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மற்ற மூன்றும் கொஞ்சம் மேலே, தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளிதான் அவளைச் சாப்பிட விடவில்லை.

கீழே பட்டறையில் பழைய வேன்களை வாங்கி, இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைப்பார்கள். இந்த வேன் மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியது. எட்டு ஆசிரியைகள் தினமும் காலையில் ஏறி மாலையில் இறங்குவார்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு மேலே போய்க் காட்டினால் பள்ளிக்கூடம் வண்டியை எடுத்துக்கொள்ளும். வண்டியோடு ஓட்டுநரையும்.

ஓட்டுநர் அவளுடைய சித்தப்பா.

அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி முதலாளியிடம் கேட்டது அவள்தான். இந்த ஒரு வருடத்தில் முதலாளியிடம் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். மற்றபடி அவள் வாயிலிருந்து எண்கள்தான் வரும். அதனால் பட்டறையில் அவளுக்குப் பெயரே 'கணக்கு' என்று ஆகிவிட்டது.

"கணக்கு, டீ ஆறுது" என்றார் வாசலில் நின்ற எலெக்ட்ரீஷியன். அவருக்குப் பட்டறை வைத்த பெயர் ஃபியூஸ். கோபம் வந்தால் பட்டென்று போய்விடுவார், ஐந்து நிமிடத்தில் தானே திரும்பி வந்துவிடுவார்.

"அண்ணே, டயர்ல காத்துக் குறைஞ்சிருக்குமா?"

"காலையில இருந்து மூணு தடவை கேட்டுட்ட. நானும் மூணு தடவை பார்த்துட்டேன். நாலாவது தடவை கேட்டா உன் வாயில காத்தடிச்சிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மனிதர்களைப் பார்க்காமல் பேசினால் அவளுக்குக் கொஞ்சம் பேச வரும்.

"வெறும் வண்டி ஆயிரத்து இருநூத்தி அம்பது கிலோ. சித்தப்பா எழுபத்திரண்டு. நானூத்திப் பத்து மீட்டர் உயரம் தூக்கணும். அதுக்கு ஒரு பங்கு. டயர் உருள்றதுக்கு ஒரு பங்கு, காத்தைத் தள்றதுக்கு ஒரு பங்கு. மோட்டார்லயும் கியர்லயும் வீணாப்போறதையும் சேர்த்தா ரெண்டு புள்ளி பூஜ்யம் ஆறு யூனிட். முதல் ரெண்டு தடவையும் அப்படியே வந்துச்சு. அப்புறம் மூணு தடவையும் ரெண்டு புள்ளி ஒண்ணு அஞ்சு."

"பத்துல ஒரு பங்கு யூனிட். ஒரு ஃபேன் ஓடுற கரண்ட். அதுக்கா இந்தப் பாடு?"

"எதிர்க்காத்தா இருந்தா சமதரையிலயும் கூடணும். டயரா இருந்தாலும் சமதரையில கூடணும். பட்டறையிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் அஞ்சு தடவையும் ஒரே மாதிரிதான் இருக்கு. மலையேற ஆரம்பிச்சாத்தான் கூடுது."

ஃபியூஸ் டீயை அவள் கையில் திணித்தார். "அப்ப அடிவாரத்துல ஒரு பேய் ஏறிக்குது."

"பேய்க்கு எடை கிடையாது அண்ணே."

"அப்ப பேய் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அவள் டீயைக் குடிக்கவில்லை. படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஓயும்வரை அப்படியே இருந்தாள். பிறகு கணக்கைத் தலைகீழாகப் போட்டாள்.

இதுவரை எடையைக் கொடுத்துச் சக்தியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சக்தியைக் கொடுத்து எடையைக் கேட்டாள். கூடுதலாகச் செலவானதில் வீணானதைக் கழித்து, ஏறிய உயரத்தாலும் உருண்ட தூரத்தாலும் வகுத்தாள். மூன்றாவது ஏற்றத்துக்கு ஐம்பத்தேழு கிலோ வந்தது. நான்காவதுக்கு அறுபது. ஐந்தாவதுக்கு ஐம்பத்தெட்டு.

அது ஒரு ஆள்.

சோதனை ஓட்டத்தில் ஓட்டுநரைத் தவிர யாரும் வண்டியில் இருக்கக் கூடாது. அது முதலாளியின் கண்டிப்பான விதி. எடை தெரியாமல் எதுவும் தெரியாது என்பார். சித்தப்பாவையே செருப்போடும் தண்ணீர் பாட்டிலோடும் தராசில் ஏற்றி நிறுத்தியவர் அவர். நாளை வரும் ஆசிரியைகளிடமும் எடையைக் கேட்டு வாங்கியிருந்தார். எட்டுப் பேரும் எழுதிக்கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தபோது எட்டு மாணவிகளின் எடை வந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "தலைக்கு ஆறு கிலோ போட்டுக்கம்மா, கேட்டா துணிமணின்னு சொல்லிக்கலாம்" என்றார்.

இப்போது அவள் நான்காவது ஏற்றத்தைப் பெரிதாக்கினாள். மலையின் பாதி உயரத்தில் வண்டி ஒருமுறை நின்றிருந்தது. அதைச் சித்தப்பா அன்றைக்கே சொன்னார். நாய் குறுக்கே வந்ததாம். அவளும் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீதியைத்தான் கணக்கில் எடுத்திருந்தாள். வெட்டிய துண்டை இன்றுதான் திரும்ப ஒட்டிப் பார்க்கிறாள்.

மோட்டாருக்குப் போகும் மின்சாரம் சரசரவென்று இறங்கிப் பூஜ்யமாகியிருந்தது. வேகமும் பூஜ்யமாகியிருந்தது. அதற்கப்புறம் வேகக் கோடு பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. வண்டி பின்னால் உருண்டிருக்கிறது. கால் பிரேக்கின் கோடு அசையவே இல்லை, தரையில் போட்ட கயிறு மாதிரி கிடந்தது. பின்னால் உருள ஆரம்பித்த பிறகுதான் கை பிரேக்கின் கோடு எழும்பியிருந்தது. ஒரே இழுப்பில் இல்லை. பாதி எழும்பி, விழுந்து, திரும்ப எழும்பி நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் எதுவும் இல்லை.

நாய் குறுக்கே வந்தால் யாருக்கும் கால்தான் முதலில் போகும். முப்பது வருடம் வண்டி ஓட்டியவருக்குக் கேட்கவே வேண்டாம். அந்த வேனில் கை பிரேக் இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவில் இருந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் எட்டும்.

அவள் அந்தக் கோட்டைத் திரும்பவும் பார்த்தாள்.

"என்னம்மா கணக்கு, ஏறுமா ஏறாதா?" முதலாளி படியேறும்போதே கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஏறும் சார். ஆனா..."

"ஆனாவை அப்புறம் வெச்சுக்கலாம். சாயங்காலத்துக்குள்ள அறிக்கை கையில இருக்கணும். கணக்கும் ஓட்டமும் ஒட்டணும். தலைமையாசிரியை இயற்பியல் டீச்சராம், பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பாங்க." குனிந்து திரையைப் பார்த்தார். "வீணாப்போறதுக்கு என்ன போட்டிருக்க?"

"நூத்துக்கு எண்பத்தாறு சக்கரத்துக்கு வருது சார்."

"எண்பத்திரண்டரைன்னு போடு. ஒட்டுதா?"

ஒட்டும் என்று அவளுக்குக் காலையிலேயே தெரியும். கச்சிதமாக ஒட்டும். "முதல் ரெண்டும் ஒட்டாது சார்."

"முதல் ரெண்டைத் தூக்கிடு. வண்டி புதுசு, பழகலைன்னு சொல்லிக்கலாம். உலகமா அழிஞ்சிடப்போகுது?"

அவர் போய்விட்டார். அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தப்பு செய்துவிட்டதாகக் காட்டிக்கொண்டால் எல்லாரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். வாயைத் திறப்பதைவிடக் கணக்கில் தோற்பது அவளுக்கு எப்போதுமே சுலபம்தான். எண்பத்தாறை எண்பத்திரண்டரை ஆக்கி, முதல் இரண்டு கோடுகளையும் நீக்கினாள். நடுவே இருந்த இடைவெளி காணாமல் போனது. அறிக்கையை அச்செடுத்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு நடந்தாள்.

வீடு என்பது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, படிக்கட்டுக்குப் பக்கத்தில் குளியலறை. படிப்பு முடிந்து இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து அவள் சித்தப்பா வீட்டில்தான் இருக்கிறாள். கதவைத் திறந்ததுமே சித்தப்பா குளிக்கும் சத்தம் கேட்டது. சத்தம் என்றால் பாட்டு. குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது என்று சித்தி போன வாரம் அதைக் கழற்றி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து உள்ளே இருப்பவர் பாடியாக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே இருப்பவர் நுழைந்துவிடுவார். அவளுக்குப் பாட வராது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு குளிப்பாள். சித்தப்பா அடித்தொண்டையில் பாடுவார். வாசலில் நின்று சித்தி, "ஸ்வரம் போகுது, சத்தமாப் பாடுங்க" என்பாள். இத்தனை நாளும் அது வீட்டுக்குள் ஒரு கேலியாக இருந்தது.

இன்றும் சித்தி வாசலில்தான் நின்றிருந்தாள், கையில் துண்டோடு. பாட்டு ஒரு மூச்சு நின்றது. சித்தியின் கை உடனே கதவுக்குப் போனது. பாட்டு திரும்ப ஆரம்பித்தது. கை கீழே வந்தது.

அலமாரியின் மேல்தட்டில் தாழ்ப்பாள் கிடந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். துரு ஒரு பொட்டுகூட இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது சித்தப்பாவின் புருவத்துக்கு மேல் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். குளியலறையில் வழுக்கியது, போன ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது ஏற்றம் அதற்கு முன்னால் நடந்தது. மூன்றாவது ஏற்றம் அடுத்த நாள், திங்கட்கிழமை.

"என்ன பாப்பா, தட்டுல கோலம் போடுற?" என்றார் சித்தப்பா. "நாளைக்கு வண்டி ஏறாதுன்னு பயமா? நான் இருக்கேன். மோட்டார் திணறினா இறங்கித் தள்ளிடுவேன்."

"நீங்க தள்ளினா வண்டி கீழதான் போகும்" என்றாள் சித்தி.

"பார்த்தியா பாப்பா, முப்பது வருஷமா இந்த எதிர்க்காத்துலதான் வண்டி ஓட்டுறேன்."

அவள் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். எடுத்து மறுபடியும் குடித்தாள்.

"சித்தி, உங்க எடை எவ்வளவு?"

"எதுக்குடி? எனக்கு வரன் பாக்கிறியா?"

"எடையைப் பத்தி அவகிட்டக் கேக்காத பாப்பா. கல்யாணத்துல சொன்ன எடையைத்தான் இன்னும் சொல்லிட்டிருக்கா."

"ஐம்பத்தெட்டா சித்தி?"

சித்தப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. சித்தி பரிமாறும் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். அது சரிந்து உள்ளே மூழ்கியது. யாரும் எடுக்கவில்லை.

"ஐம்பத்தேழுதான்" என்றாள் சித்தி, மெதுவாக.

"அடிவாரத்துல ஏறிக்கிறீங்களா?"

"தண்ணித் தொட்டிக்கிட்ட." சொல்லிவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "பேச்சுத் துணைக்குத்தான். மலைக்காத்து நல்லாருக்கும்னு."

"நாலாவது தடவை வண்டி பின்னால உருண்டிருக்கு சித்தப்பா. கால் பிரேக்கை யாரும் தொடல. கை பிரேக்கை மட்டும்தான் யாரோ இழுத்திருக்காங்க. ரெண்டு தடவை."

"நாய் வந்துச்சுன்னு சொன்னேனே." சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எந்தப் பிரேக்கைப் பிடிச்சா என்ன? நாய் பொழைச்சுப்போச்சு, வண்டியும் பொழைச்சுப்போச்சு. நீ உன் மோட்டார் கணக்கைப் பாரு, ஓட்டுற கணக்கை நான் பாத்துக்கிறேன்." கை கழுவக்கூட நிற்காமல் உள்ளறைக்குப் போனார்.

சமையலறையில் சித்தி பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். சித்தியின் பக்கத்தில் நின்று அவள் கழுவி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"வரமாட்டேங்கிறார். போனா எழுதிக் கொடுத்துடுவாங்களாம், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டாங்களாம். நாளைக்கு முடியட்டும், அப்புறம் வரேங்கிறார்." சித்தி ஈரக் கையை நீட்டினாள். வலது மணிக்கட்டு வீங்கிப் பச்சையாக இருந்தது. "கை பிரேக் இவ்வளவு விறைப்பா இருக்கும்னு யாருக்குத் தெரியும்? முதல்ல வழுக்கிடுச்சு. அப்புறம் ரெண்டு கையாலயும்..." நிறுத்திக்கொண்டாள்.

"நாளைக்கு?"

"அதான்டி எனக்குக் கைகால் ஓடல. நாளைக்கு எட்டு டீச்சரும் உட்கார்ந்தா இடமே இல்லையாம். முன் சீட்டுல தலைமையாசிரியையாம்." சித்தி குரலைத் தாழ்த்தினாள். "நடுவுல ஒரு முக்காலி போட்டுக்க முடியாதா? உன் கணக்குல என்னையும் சேர்த்துப் பாரேன். ஏறாதா?"

அவள் சேர்த்துப் பார்த்தாள். அதற்குத் தாளும் பேனாவும் வேண்டியிருக்கவில்லை. எட்டு ஆசிரியைகளோடு வண்டி பதினேழு கிலோவாட் கேட்கும். சித்தியும் ஏறினால் இன்னும் அரை கிலோவாட். மோட்டார் இருபது தரும்.

"ஏறும் சித்தி" என்றாள். வண்டி ஏறும். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. பத்துப் பேரைத் தூக்கிக்கொண்டு பாதி மலைவரை நன்றாகவே ஏறும். பின்னால் உருளும்போது ஐந்நூறு கிலோ அதிகமாக உருளும். வீங்கிய ஒரு மணிக்கட்டு அதைப் பிடிக்க வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. ஓட்டலைன்னா அந்த மனுஷன் வீட்டுல உட்கார்ந்து என்ன பண்ணுவார்? சுவத்தைப் பார்த்தே செத்துடுவார்."

அவள் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். அன்று படுத்தும் புரண்டுகொண்டே இருந்தாள். கணக்கு தப்பு, மோட்டார் பத்தாது என்று சொல்லிவிட்டால் ஓட்டம் தள்ளிப்போகும். எத்தனை நாளைக்கு? அவளுடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் கட்டிலும் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் பட்டறை வாசல் கழுவி விட்டிருந்தது. ஃபியூஸ் வேனுக்குக் கடைசியாக ஒருமுறை துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டு ஆசிரியைகளும் வந்துவிட்டார்கள். எட்டுக் குடை, எட்டுக் கைப்பை.

"பையோட எடையைச் சேர்த்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உங்க பையையும் சேர்த்தாச்சு, நீங்க மறைச்சதையும் சேர்த்தாச்சு" என்றார் ஃபியூஸ். சிரிப்பு எழுந்தது.

சித்தப்பா சலவைச் சட்டையில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். புருவத்துப் பிளாஸ்திரியைக் கழற்றியிருந்தார். வாசலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம், கையில் சாப்பாட்டுப் பையோடு சித்தி நின்றாள். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

தலைமையாசிரியை அறிக்கையைக் கையில் வைத்திருந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போனவர் ஒரு இடத்தில் நின்றார்.

"கணக்கு நல்லாருக்கு. இந்த எண்பத்திரண்டரை மட்டும் கொஞ்சம் குறைவா இருக்கே?"

"பழைய கியர் மேடம், அப்படித்தான் இருக்கும்" என்றார் முதலாளி. "போட்டவங்க இங்கதான் இருக்காங்க. சொல்லும்மா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வேனின் பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"ஆமா மேடம்" என்றாள்.

"சரி, ஏறுவோமா?" தலைமையாசிரியை அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார். கதவுகள் திறந்தன. குடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒவ்வொருத்தராக ஏற ஏற வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி ஏறினாள், விரல் கனம் தாழ்ந்தது. இன்னொருத்தி ஏறினாள், இன்னொரு விரல் கனம். எட்டாவதாகத் தலைமையாசிரியை முன்னால் ஏறி, கை பிரேக்குக்குப் பக்கத்தில் தன் பையை வைத்துக்கொண்டார்.

தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து சித்தி இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"சார், அது எண்பத்தாறு" என்றாள் அவள், பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

முதலாளி திரும்பினார். "என்னது?"

"எண்பத்திரண்டரை பொய் சார். எண்பத்தாறுதான். முதல் ரெண்டு ஓட்டமும் சரி. அப்புறம் மூணு ஓட்டத்துலயும் வண்டியில இன்னொரு ஆள் இருந்தாங்க. ஐம்பத்தெட்டு கிலோ. எங்க சித்தி."

"விதி தெரியாதா உங்களுக்கு?" முதலாளி ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். "வீட்டுக்காரம்மாவுக்கு ஊர் சுத்திக் காட்டவா வண்டி கொடுத்தேன்?"

"ஆமா சார். தப்புதான் சார்" என்றார் சித்தப்பா உடனே. அவ்வளவு சீக்கிரம் அவர் எதையும் ஒத்துக்கொண்டதே கிடையாது. "மன்னிச்சிடுங்க. இனிமே நடக்காது." பக்கக் கண்ணாடியில் அவருடைய கண் அவளைத் தேடியது. கண்டுபிடித்தது. தலையை லேசாக, இல்லை என்பதுபோல அசைத்தார்.

"சரி சரி, அப்புறம் பேசிக்கலாம், நேரமாச்சு" என்றார் முதலாளி.

அவளுக்கு அங்கேயே நின்றுவிட வழி இருந்தது. பாதி சொல்லியாகிவிட்டது. பாதி உண்மைக்கே உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. சித்தப்பா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். மோட்டாருக்குச் சத்தம் இல்லை, முன்பலகையில் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. கை பிரேக்கை அவர் விடுவித்த 'டக்' சத்தம் வாசல்வரை கேட்டது.

அவள் போய் வண்டியின் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் முன்கண்ணாடிக்குக் கீழே, தகரத்தின்மேல் வைத்தாள்.

"பாப்பா, தள்ளிக்கோ" என்றார் சித்தப்பா.

"சித்தி ஊர் சுத்தப் போகல சார்." அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். குரல் தெருவுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. "ஏறுற வழியில எங்க சித்தப்பாவுக்கு நினைவு தப்பிடுச்சு."